காலி வீதியில் 31 வருடம், காலியில் முதல் நாள்

#1 வெள்ளவத்தைக்காரி | வெள்ளி, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். காலிக் கோட்டைக்குள் ஒரு விடுதி அறையில் இருந்து எழுதுகிறேன். அம்மாவும் தூங்கிவிட்டார், இவரும் தூங்கிவிட்டார். எனக்குத்தான் கால் உளைவில் தூக்கம் வரவில்லை.

31 வருடமாக எங்கள் விலாசத்தில் "காலி வீதி" இருக்கிறது. கரண்ட் பில், கலியாணக் காட், மகனின் பள்ளிக்கூட விண்ணப்பம் என்று எல்லாவற்றிலும் அந்த இரண்டு சொல். ஆனால் அந்த வீதி எந்த ஊருக்குப் போகிறதோ அந்த ஊரை நாங்கள் பார்த்ததே இல்லை. யாழ்ப்பாணத்துக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறோம், கடல் தாண்டித் திருச்செந்தூருக்குக்கூட ஒரு தடவை. தெற்கே அளுத்கமவைத் தாண்டியதில்லை. ஏன் என்று கேட்டால் இவர் "நேரம் கிடைக்கவில்லை" என்பார். உண்மையான காரணம் அம்மாவிடம் இருக்கிறது, அதை அப்புறம் சொல்கிறேன்.

மூன்று நாள் பயணம். அம்மா போட்ட ஒரே நிபந்தனை, ஓடக் கூடாது. 74 வயது, முழங்கால் பிரச்சினை.

வெள்ளவத்தை ரயில் நிலையம் எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. ஆனால் நடுவில் ஏறினால் இருக்க இடம் கிடைக்காது என்று பக்கத்து வீட்டு அங்கிள் பயமுறுத்தியதால், விடியக்காலையில் ஆட்டோ பிடித்து வடக்கே கொழும்புக் கோட்டைக்குப் போய், அங்கே ஏறி, திரும்ப அதே வெள்ளவத்தை வழியாகத் தெற்கே வந்தோம். எங்கள் ஒழுங்கையைத் தாண்டும்போது அம்மா ஜன்னலால் எட்டிப் பார்த்து, பெட்டி முழுக்கக் கேட்கும்படி, "ஐயோ, தம்பியின்ர சாரம் கொடியில கிடக்குது!" என்றார். கிடந்ததுதான். இரண்டாம் மாடி பல்கனியில் நீலக் கட்டம் போட்ட சாரம் கடல் காற்றில் எங்களுக்குக் கையசைத்தது. ரயில் அங்கே நிற்கவில்லை.

அம்மா வாழையிலையில் கட்டிக்கொண்டு வந்த புட்டையும் முட்டைப்பொரியலையும் பாணந்துறை தாண்டிச் சாப்பிட்டோம். ஹிக்கடுவைக்குக் கொஞ்சம் முன்னால் பெரலிய வந்தபோது எங்கள் பெட்டியில் கதை குறைந்தது. 2004 டிசம்பர் 26 அன்று சமுத்திர தேவி ரயில் அலையில் அகப்பட்ட இடம். ரயிலிலும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களிலுமாக ஆயிரத்து எழுநூறு பேருக்கு மேல் போனார்கள் என்பது கணக்கு. நாங்கள் போய்க்கொண்டிருந்தது அதே தண்டவாளத்தில். எதிரே இருந்த சிங்கள அம்மா கையைக் கூப்பினார். அதைப் பார்த்து என் அம்மாவும் கூப்பினார்.

காலியில் இறங்கிக் கோட்டைப் பக்கம் நடந்தால் முன்னால் கிரிக்கெட் மைதானம். இவர் அங்கேயே நின்றுவிட்டார். 2010 ஜூலை 22, இந்தியாவுக்கு எதிரான டெஸ்ட், முரளியின் 800ஆவது விக்கெட், ஓஜா அடித்ததை மஹேல பிடித்தது, அதோடு முரளி டெஸ்டில் பந்து போடுவதை நிறுத்தியது. எல்லாவற்றையும் வேலியைப் பிடித்துக்கொண்டு அம்மாவுக்கு விளக்கினார். அம்மா, "வெயில் ஏறுது தம்பி" என்றார்.

விடுதியைப் பற்றி ஒரு சின்ன ஆதங்கம். கீழ்த்தளத்தில் அறை வேண்டும், அம்மாவால் படி ஏற முடியாது என்று ஃபோனில் இரண்டு தடவை சொல்லியிருந்தேன். வந்து பார்த்தால் மேல் மாடி, ஏணி மாதிரிச் செங்குத்தான மரப்படி. அரை மணி நேரம் கதைத்த பிறகு, கீழே சாமான் போட்டு வைத்திருந்த அறையை ஒதுக்கித் தந்தார்கள். பெயர் போட மாட்டேன். நாளைக் காலைச் சாப்பாட்டைப் பார்த்துவிட்டு மன்னிப்பதா இல்லையா என்று யோசிக்கிறேன்.

பகல் முழுக்கத் தூங்கினோம். நான்கு மணிக்கு வெளியே வந்து ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) தேவாலயம், வெளிச்சவீடு, கொஞ்ச தூரம் மதில், அவ்வளவுதான் பார்த்தோம். 1755இல் கட்டிய தேவாலயம், உள்ளே தரையெல்லாம் கல்லறைக் கற்கள், எழுத்தும் மண்டையோடும் செதுக்கியவை. அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். "ஆரோ ஒருவரின் நெஞ்சில மிதிச்சுக்கொண்டு நான் என்னத்தைப் பாக்கிறது?" என்று கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை. சுவரோரமாக நடத்திக் கூட்டிப்போனேன்.

நாளைக்கு என்ன பார்க்கலாம்? ஓடாமல்.

#2 ரயில்கிறுக்கன் | வெள்ளி, இரவு 8.58

அக்கா, கோட்டையில் ஏறிக் கோட்டையில் இறங்கியிருக்கிறீர்கள், வாழ்த்துகள்.

சாரத்தைப் பார்த்தீர்கள் என்றால் இடப்பக்கம் இருந்திருக்கிறீர்கள். தெற்கே போகும்போது கடல் வலப்பக்கம். திரும்பி வரும்போது இடப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். குளிரூட்டிய பெட்டியில் ஏற வேண்டாம், ஜன்னல் திறக்காது. இந்தப் பாதையில் ஜன்னலை மூடிக்கொண்டு போவது கல்யாண வீட்டில் சாப்பிடாமல் வருவது மாதிரி.

இந்தப் பாதை 1894இல் காலிக்கு வந்தது, அடுத்த வருடம் மாத்தறைக்கு. பிறகு 124 வருடம் மாத்தறையோடு நின்று, 2019இல்தான் பெலியத்த வரை நீண்டது. காலி நிலையத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது, கவனித்தீர்களோ தெரியாது. அங்கே பாதை முட்டி நிற்கிறது. மாத்தறைக்குப் போகிற ரயில் உள்ளே வந்து, எஞ்சின் மறுமுனைக்கு மாறி, வந்த பக்கமாகவே வெளியே போகும். முதல் தடவை போகிறவர்கள் "ஐயோ, ரயில் திரும்பக் கொழும்புக்குப் போகிறது" என்று எழும்பி நிற்பார்கள். நானும் நின்றிருக்கிறேன்.

ஒரு திருத்தம். காலி வீதி காலியோடு முடிவதில்லை. அந்த ஏ2 சாலை காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை எல்லாம் தாண்டி வெல்லவாயவில் போய் முடிகிறது. உங்கள் விலாசம் இன்னும் நீளமானது.

#3 கொட்டாஞ்சேனை_தம்பி | வெள்ளி, இரவு 9.10

அக்கா குறை நினைக்க வேண்டாம், ஒரு முழு நாளில் மூன்று இடமா? மாகும்புரவில் நெடுஞ்சாலை பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் காலி. நாங்கள் ஆறு பேர் வேன் பிடித்துப் போய், வெளிச்சவீடு, மதில், மணிக்கூண்டு, நூதனசாலை, பழைய ஒல்லாந்தர் ஆஸ்பத்திரியில் இப்போது இருக்கிற சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் முடித்து, பகல் இரண்டு மணிக்கு உணவட்டுன கடலில் குளித்துக்கொண்டிருந்தோம். கோட்டை என்ன பெரிய இடமா? ஒரு சுற்றுச் சுற்றினால் வந்த வாசலுக்கே வந்துவிடுவீர்கள்.

#4 பம்பலப்பிட்டி_அன்ரி | வெள்ளி, இரவு 9.14

தம்பி, அந்த மணிக்கூண்டு யார் நினைவாகக் கட்டியது என்று சொல்லு பார்ப்போம்.

#5 கொட்டாஞ்சேனை_தம்பி | வெள்ளி, இரவு 9.15

ஏதோ வெள்ளைக்கார கவர்னராக இருக்கும்.

#6 பம்பலப்பிட்டி_அன்ரி | வெள்ளி, இரவு 9.21

இல்லை. அந்தோனிஸ் என்ற டாக்டர். காலியிலேயே வைத்தியம் பார்த்த பறங்கியர், ஐரோப்பிய வழிவந்த இலங்கையர். அவர் நினைவாக 1883இல் கட்டினார்கள். நீ அதற்கு முன்னால் நின்று படம் எடுத்திருப்பாய், கல்லில் எழுதியிருப்பதை வாசித்திருக்க மாட்டாய். அதுதான் இரண்டு மணிக்கே முடிந்திருக்கிறது.

வெள்ளவத்தைக்காரி, நீங்கள் செய்ததுதான் சரி. காலி வெயிலில் பகல் பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் மதிலில் நடக்கிறது தண்டனை. ஒரு மர நிழல் கிடையாது. தூங்கினதுக்கு யாரிடமும் நியாயம் சொல்லத் தேவையில்லை.

#7 கோட்டைக்குள்_பிறந்தவள் | வெள்ளி, இரவு 9.30

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். இப்போது தெமட்டகொடையில் இருக்கிறேன். பிறந்தது வளர்ந்தது எல்லாம் நீங்கள் இப்போது படுத்திருக்கிற கோட்டைக்குள்தான், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி சொன்னது போல ஒரு சுற்றுச் சுற்றினால் மதில் முடிந்துவிடும். ஊர் முடியாது. சனம் இதை மறந்துவிடுகிறது. காலிக் கோட்டை பூட்டி வைத்த நினைவுச்சின்னம் இல்லை. உள்ளே நீதிமன்றம் இருக்கிறது. கிழமை நாளில் கறுப்புக் கோட் போட்ட வக்கீல்மார் பெரிய மர நிழலில் கட்சிக்காரரோடு கதைத்துக்கொண்டு நிற்பார்கள். பள்ளிக்கூடம் விட்டால் வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள். பாண்காரரின் த்ரீவீலர் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது நான் கைக்குழந்தை. எங்கள் வீட்டுக் கூரை ஓடுகளை மாற்றுவதற்குக்கூட அனுமதி எடுக்க வேண்டியிருந்ததை வாப்பா கடைசி வரைக்கும் முணுமுணுத்தார்.

தெருப் பெயர்களைப் பாருங்கள். லெயின் பான் தெரு என்று ஒன்று இருக்கிறது. ஒல்லாந்து மொழியில் கயிறு திரிக்கிற நீளமான இடம் என்று அர்த்தம். கப்பலுக்கு வேண்டிய கயிறு அங்கே திரித்தார்கள், தும்புக்கு எங்கள் ஊரில் எப்போதும் பஞ்சமில்லையே. இப்போது அந்தத் தெருவில் நகைக்கடையும் ஐஸ்கிரீம் கடையும்.

உங்கள் காலடியில் இன்னொரு ஊர் இருக்கிறது. ஒல்லாந்தர் கட்டின நிலத்தடி வாய்க்கால்கள். கடல் பெருகி வற்றும்போது அந்தத் தண்ணீரே கழிவை அடித்துக்கொண்டு போகிற மாதிரி அமைத்தார்கள். எங்கள் மூத்தம்மா "கடல்தான் எங்கட தோட்டி" என்பார்.

வெளிச்சவீட்டுக்கு எதிரே வெள்ளை வெளேரென்று இரண்டு கோபுரத்தோடு ஒரு கட்டடம் பார்த்திருப்பீர்கள். சேர்ச் என்று நினைத்தீர்களா? எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். அது எங்கள் மீரான் பள்ளிவாசல். 1900களின் தொடக்கத்தில் கட்டியது.

நாளைக்குக் காலை வெயில் ஏற முதல் பழைய வாசலுக்குப் போங்கள். துறைமுகப் பக்கம் இருப்பது. நீங்கள் மணிக்கூண்டுப் பக்கம் இருக்கிற பெரிய வாசலால் வந்திருப்பீர்கள், அது ஆங்கிலேயர் 1873இல் மதிலை உடைத்துப் போட்டது. பழைய வாசலின் வெளிப்பக்கம் பிரித்தானிய இலச்சினை. உள்ளே நடந்து வந்து திரும்பிப் பார்த்தால் ஒல்லாந்துக் கம்பனியின் இலச்சினை, 1669 என்ற வருடம், இரண்டு சிங்கம், மேலே ஒரு சேவல். ஒரே வாசல், இரண்டு முதலாளி. உள்ளே வருகிறவனுக்கு ஒருவன், வெளியே போகிறவனுக்கு இன்னொருவன்.

#8 கொட்டாஞ்சேனை_தம்பி | வெள்ளி, இரவு 9.36

சேவலா? அதனால்தான் காலி என்று பெயரா? போர்த்துக்கேய மொழியில் சேவலுக்கு "காலோ" என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் நினைத்தேன், ஒல்லாந்தர் வந்து பார்த்தபோது ஊர் காலியாகக் கிடந்தது என்று.

(சரி, சரி, அடிக்க வேண்டாம்.)

#9 ஓய்வுவாத்தியார் | வெள்ளி, இரவு 9.52

தம்பி, சேவலுக்கு முன்பே பெயர் இருந்தது. போர்த்துக்கேயர் இந்தத் தீவைக் காண்பதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன், 1344இல் இப்னு பதூதா இந்தக் கரையால் போனார். அவருடைய பயணக் குறிப்பில் "காலி" என்றே ஊர்ப்பெயர் வருகிறது. பெயரின் ஓசையைக் கேட்டுப் பின்னால் வந்தவர்கள் சேவலை ஏற்றிவைத்தார்கள் என்று கொள்வதே பொருத்தம்.

வெள்ளவத்தைக்காரிக்கு ஒரு செய்தி. காலியில் தமிழருக்கு மிக முக்கியமான பொருள் ஒன்று உண்டு. நீங்கள் அதைக் காலியில் காண மாட்டீர்கள். அது கொழும்பில், உங்கள் வீட்டிலிருந்து சில மைல் தூரத்தில், தேசிய நூதனசாலையில் இருக்கிறது.

சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்து நாட்டிய கல் அது. சாசனத்தின் ஆண்டு 1409. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். ஒரே செய்தியின் மூன்று மொழிபெயர்ப்பு என்று பலர் எண்ணுகிறார்கள், அப்படி அல்ல. சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை செலுத்துகிறது. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயினாருக்கு. பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கு. காணிக்கைப் பட்டியலோ ஏறக்குறைய ஒன்றே. பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம், பட்டு, விளக்கு, வாசனை எண்ணெய். யாருக்கும் குறை வைக்கவில்லை. வியாபாரம் தெரிந்தவர்கள்.

கல்லைச் சீனாவிலேயே செதுக்கிக் கப்பலில் ஏற்றி வந்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். இந்தக் கரைக்குப் போனால் தமிழ் வேண்டும் என்று புறப்படுவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படிப்பட்ட கல் 1911இல் எப்படிக் கிடைத்தது தெரியுமா? காலி நகரில் ஒரு மதகுக்கு மூடுகல்லாகக் கவிழ்ந்து கிடந்தது.

தேனாவரை என்பது மாத்தறைக்கு அப்பால் இருக்கிற தெவுந்தர, நாம் தெய்வந்துறை என்று சொல்வது. அங்கிருந்த பெருங்கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் இடித்தார்கள். இன்று அந்த இடத்தில் விஷ்ணு தேவாலயம் இருக்கிறது.

#10 பம்பலப்பிட்டி_அன்ரி | வெள்ளி, இரவு 9.58

சேர், அந்தக் கல்லை நான் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் கூட்டிப்போனபோது எல்லோரும் கண்டி அரசனின் சிம்மாசனத்தைப் பார்க்க ஓடிவிட்டார்கள், நான் மட்டும் நின்றேன். தமிழ் எழுத்து தேய்ந்துபோய் இருந்தது. ஒரு சொல்கூட வாசிக்க முடியவில்லை.

#11 ஸ்கார்பரோ_சித்தி | வெள்ளி, இரவு 10.05

இங்கே மத்தியானம். வேலை நேரத்தில் இந்த இழையை வாசித்துக்கொண்டிருக்கிறேன், மனேஜர் பார்க்காமல் இருக்க வேண்டும். யூலையில் பிள்ளைகளோடு கொழும்புக்கு வருகிறோம். அந்த நேரம் காலிக்குப் போகலாமா? கோட்டைக்குள் தங்கினால் காசு எக்கச்சக்கம் என்கிறார்களே.

#12 ரயில்கிறுக்கன் | வெள்ளி, இரவு 10.11

யூலை தென்மேல் பருவக்காற்றுக் காலம். மே முதல் செப்டெம்பர் வரை அந்தப் பக்கக் கடல் கொந்தளிப்பாக இருக்கும், குளிக்க இறங்கக் கூடாது. ஆனால் மழை நாள் முழுக்கக் கொட்டாது, விட்டு விட்டுத்தான். மதிலில் நின்று அலையைப் பார்க்கிறதென்றால் என் கணக்கில் யூலைதான் விசேஷம், அலை கல்லில் அடித்து உங்கள் முகத்துக்கு வரும். பிள்ளைகளைக் கடலில் விட வேண்டுமென்றால் டிசம்பரில் இருந்து மார்ச் வரைக்கும் பாருங்கள்.

ஏப்ரல் 13, 14ஐ ஒட்டிய கிழமையில் மட்டும் போகவே வேண்டாம். வருடப்பிறப்புக்குத் தெற்கே கடைகள் எல்லாம் பூட்டு, ரயில் பெட்டியில் ஊசி போட இடமிருக்காது.

#13 கொட்டாஞ்சேனை_தம்பி | வெள்ளி, இரவு 10.16

சித்தி, கோட்டைக்குள் சாப்பாட்டு விலை நமக்கானது இல்லை. ஒரு கடையில் சோறும் கறியும் கேட்டோம். பெரிய தட்டில் சின்னச் சின்னக் கிண்ணமாக ஆறு வைத்தான். பில்லைப் பார்த்துவிட்டு கிண்ணத்தையும் சேர்த்துத்தான் விற்கிறான் என்று நினைத்தோம். மதிலுக்கு வெளியே பஸ் நிலையத்துப் பக்கம் போய்ச் சாப்பிடுங்கள். அதே மீன் அம்புல் தியல், கொறக்காய்ப் புளி ஏறி, மூன்று நாள் வைத்தாலும் கெடாத பதத்தில், கால்வாசி விலைக்குக் கிடைக்கும்.

ரத்தினக்கல் ஆட்களிடமும் கவனம். "இன்றைக்கு மட்டும் விசேஷக் கண்காட்சி" என்று ஆட்டோக்காரர் சொன்னால், அது எல்லா நாளும் இருக்கிற கண்காட்சி.

#14 கோட்டைக்குள்_பிறந்தவள் | வெள்ளி, இரவு 10.24

விலை விஷயத்தில் தம்பியோடு சண்டை பிடிக்க முடியாது. நாங்களே ஊருக்குப் போனால் கோட்டைக்குள் கடையில் சாப்பிடுவதில்லை, வீட்டில்தான். வீடு இருந்தால்.

எங்கள் தெருவில் எனக்குத் தெரிந்த குடும்பங்களில் பாதிக்கு மேல் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். வெளிநாட்டார் கொடுத்த விலைக்கு யாரால்தான் மாட்டேன் என்று சொல்ல முடியும்? என் உம்மா பீரலு என்கிற மரக்கட்டைகளை வைத்து லேஸ் பின்னுகிற திண்ணை இப்போது ஒரு கோப்பிக் கடையின் வாசல். சுவரில் பழைய பீரலுத் தலையணை ஒன்றை அலங்காரத்துக்கு மாட்டியிருக்கிறார்கள். அதில் ஊசி குத்தியிருக்கிற விதமே பிழை.

சுனாமியன்று நாங்கள் மதிலுக்குள் இருந்தோம். கறுப்புத் தண்ணீர் மைதானத்துக்கு மேலால் வந்து பஸ் நிலையத்தில் பஸ்களை விளையாட்டுச் சாமான் போலச் சுற்றியதை மதில் மேல் நின்று பார்த்தோம். உள்ளே பெரிதாகச் சேதமில்லை. முந்நூறு வருடத்துக்கு முன் எதிரிக் கப்பலுக்குப் பயந்து கட்டின சுவர் எங்களைக் காப்பாற்றியது. அலையால் எடுக்க முடியாத வீடுகளைக் காசு எடுத்துக்கொண்டது.

#15 மட்டுறுத்துநர் | வெள்ளி, இரவு 10.30

சாப்பாட்டு விலை, ரத்தினக்கல் பற்றித் தனி இழை இருக்கிறது, அங்கே தொடருங்கள். சகோதரியின் பதிவு இங்கேயே இருக்கட்டும்.

#16 வெள்ளவத்தைக்காரி | வெள்ளி, இரவு 10.48

எல்லோருக்கும் நன்றி. நான் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வெந்நீரில் கால் வைத்துக்கொண்டிருந்தேன், அதற்குள் இவ்வளவு.

அம்மாவின் காரணத்தைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா. இன்று காலை கொழும்புக் கோட்டை நிலையத்தில் அம்மா மூன்று தடவை கேட்டார், "ஐடென்டிற்றி காட் எடுத்தனியோ?" என்று. மூன்று தடவையும் எடுத்துக் காட்டினேன். இங்கே இருக்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. யுத்தக் காலத்தில் வெள்ளவத்தையில் பொலிஸ் பதிவுத் துண்டை லமினேற் பண்ணி வைத்திருந்த தலைமுறை அது. அந்தக் காலத்தில் வடக்கே போனால் திரும்பி வருவோமா என்று பயம், தெற்கே போனால் ஏன் வந்தாய் என்று கேட்பார்களோ என்று பயம். வீட்டிலேயே இருந்தது அதனால்தான். இன்று முழு நாளும் யாரும் எங்களிடம் எதையும் கேட்கவில்லை, ரயில் டிக்கெட்டைத் தவிர. இரவு படுக்கும்போது அம்மா அந்த ஐடென்டிற்றி காட்டைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டுதான் படுத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

மாலையில் நடந்தது இன்னொன்று. மதிலில் ஏறுவதற்கு முன் ஒரு சின்னத் தெருவால் வந்தோம். அம்மாவுக்குக் கால் இழுத்தது. ஒரு வீட்டுப் படியில் கை வைத்து நின்று, "பிள்ளை, கொஞ்சம் பொறு" என்றார். உள்ளே இருந்து ஒரு வயதான முஸ்லிம் அம்மா எட்டிப் பார்த்து, "தமிழா? எந்த ஊர்?" என்று கேட்டு, நாங்கள் பதில் சொல்வதற்குள் பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கி வெளியே வைத்துவிட்டார். அப்புறம் பிளேன்டீ, உள்ளங்கையில் கடித்துக் குடிக்கக் கித்துள் கருப்பட்டித் துண்டு. அவருடைய தமிழில் பாதி அம்மாவுக்குப் புரியவில்லை, அம்மாவின் யாழ்ப்பாணத் தமிழில் பாதி அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் முழங்கால் எண்ணெய் பற்றி முக்கால் மணி நேரம் கதைத்தார்கள். இவர் சந்தியா நேரத்து வெளிச்சம் போகிறது, படம் எடுக்க வேண்டும் என்று துடித்துக்கொண்டு நின்றார். அம்மா எழும்பவே இல்லை.

அதனால் மதிலுக்குப் போனபோது சூரியன் பாதி இறங்கிவிட்டது. கொடிப்பாறையில் இருந்து பையன்கள் கடலுக்குள் குதித்தார்கள், கீழே முழுக்கக் கல். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அடிவயிறு கலங்கியது. ஒருவன் குதிப்பதற்கு முன் செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்துவிட்டுக் குதித்தான், திரும்பி வருவேன் என்று நம்பிக்கை. வெளிச்சவீட்டில் விளக்குப் போட்டார்கள். அங்கே முதல் வெளிச்சவீடு 1848இல் வந்ததாம், இப்போது நிற்பது 1939இல் கட்டியது. இவர் வழியெல்லாம் வாசித்துச் சொன்னார்.

கொட்டாஞ்சேனைத் தம்பிக்கு: உங்கள் வேனில் போயிருந்தால் அந்த வீட்டுப் படியை முப்பது கிலோமீற்றர் வேகத்தில் தாண்டியிருப்போம்.

#17 கொட்டாஞ்சேனை_தம்பி | வெள்ளி, இரவு 10.53

அக்கா, ஒப்புக்கொள்கிறேன். அடுத்த தடவை என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அவவுக்கும் முழங்கால்தான்.

#18 கோட்டைக்குள்_பிறந்தவள் | வெள்ளி, இரவு 10.57

எந்தத் தெரு, என்ன நிறக் கதவு என்று மட்டும் இங்கே எழுத வேண்டாம். எழுதாமலே எனக்குத் தெரியும் அது யார் என்று. கருப்பட்டியை உள்ளங்கையில் வைக்கிற ஆள் கோட்டைக்குள் ஒருவர்தான். நாளைக்குப் போவதென்றால் அஸர் தொழுகைக்குப் பிறகு போங்கள், அதற்கு முன் தூங்குவார்.

#19 ஓய்வுவாத்தியார் | வெள்ளி, இரவு 11.02

அந்த அம்மையாரின் முன்னோர் செங் ஹோ வந்த காலத்திலும் இதே கரையில் தமிழ் பேசிக்கொண்டு வியாபாரம் செய்திருக்கக்கூடும் என்று நினைத்தேன். நிரூபிக்க முடியாது. நினைத்தேன்.

#20 வெள்ளவத்தைக்காரி | சனி, காலை 6.15

அம்மா நாலரைக்கே எழும்பிக் குளித்து, விபூதி பூசி, கட்டிலில் தயாராக உட்கார்ந்திருக்கிறார். நேற்று இரவு இவர் தூங்குகிற மாதிரிப் படுத்துக்கொண்டு இழை முழுவதையும் ஃபோனில் வாசித்து, விடிந்ததும் அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறார். சேர், உங்கள் வேலை. அம்மாவுக்குத் தேனாவரை நாயினாரைப் பார்க்க வேண்டுமாம். இடித்துவிட்டார்களாம் அம்மா, 1588இலேயே இடித்துவிட்டார்களாம் என்று சொன்னேன். "அதுக்கென்ன, இடம் இருக்கும்தானே" என்கிறார்.

பழைய வாசலும் சேவலும் நாளைக்கு.

#21 பம்பலப்பிட்டி_அன்ரி | சனி, காலை 6.22

போய்ட்டு வாங்கோ. இங்கே கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வருது, வெள்ளவத்தைப் பக்கம் கொட்டத் தொடங்கியிருக்கும். கல்கிசையில் தங்கச்சி ஃபோன் பண்ணினா, அங்கே நல்ல மழையாம்.

#22 வெள்ளவத்தைக்காரி | சனி, காலை 6.23

ஐயோ, சாரம்!